மூலை கறுத்த கடிதம்

மண்டபம்
19 ஜனவரி 1938

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மதலேனம்மாள் அக்காவுக்குத் தம்பி சூசையப்பன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் நானும் சிநேகிதன் சுவக்கீனும் சுகம். நீயும் மச்சானும் சுகமா? மச்சானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஏலப்பாறையிலிருந்து குமுளி வழியாக இறங்கி, ஆறு நாள் மிதித்து இங்கே வந்து சேர்ந்தோம். தோட்டத்துச் சின்னதுரை சீமைக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சைக்கிள் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவக்கீன் ஓட்டுவது அவன் மாமனாருடையது. அது வழியெல்லாம் மாமனாரைப் போலவே முனகிக்கொண்டு வந்தது.

இங்கே கப்பல் ஏறுமுன் எல்லாரையும் நிறுத்தி டாக்டர் பார்க்கிறார். கிளார்க் என்னிடம், “எந்தத் தோட்டத்துக்குப் போறே?” என்றார். “தோட்டத்துக்குப் போகலைங்க, தோட்டத்துல இருந்துதான் வாறேன்” என்றேன். “அப்ப எதுக்கு இலங்கைக்கு?” “சைக்கிள்ல ஒரு சுத்து சுத்திப் பாக்கத்தான்.” மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பனிக்காலத்தில் தேயிலைக் கொழுந்து வரத்து குறைவு, பாக்டரியில் ரோலர் பாதி நாள் சும்மா நிற்கிறது, மிஷின் பிட்டரான எனக்கு இரண்டு மாதம் லீவு கிடைத்தது என்று எவ்வளவோ சொன்னேன். வேலை இல்லாமல் ஒருவன் ஊர் சுற்றுவான் என்பதை அவர் நம்பவே இல்லை. கடைசியில் மடு மாதா கோயிலுக்குப் போவதாகப் போட்டுக்கொண்டார். அங்கேயும் போகத்தான் போகிறோம், ஆகவே பொய்யில்லை.

நீ ஒருத்திதான் அக்கா, ஏன் என்று கேட்காமல் “போய்ட்டு வா” என்றாய். அம்மா போனபின் என்னை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளியவள் நீ. உன் முதுகிலிருந்துதான் நான் முதல்முதலில் மலையையே பார்த்தேன். அந்த நன்றியைக் கடிதத்தில் எழுதித் தீர்க்க முடியாது.

புத்தளம், கொழும்பு, காலி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களின் தபாலாபீசுக்கு என் பெயர் போட்டு எழுது. நேரில் போய் வாங்கிக்கொள்வேன்.

போன மாதம் ஆற்றங்கரையில் உன்னிடம் சொன்ன விஷயம் நினைவிருக்கட்டும். பேச வேண்டியவரிடம் பேசு. விவரமாக எழுத முடியாது. எழுதினால், இதை உனக்கு வாசித்துக்காட்டுகிற உபதேசியார் மகள் அன்னாள் டீச்சர் பாதியில் நிறுத்திவிடுவார். அவருக்கும் என் வந்தனம்.

உன் அன்புத் தம்பி,
சூசையப்பன்


சித்தூர்
27 ஜனவரி 1938

சேசு மரி சூசை துணை.

என் அருமைத் தம்பி சூசைக்கு அக்கா ஆசீர்வாதம். மதலேனம்மாள் அக்கா சொல்லச் சொல்ல அன்னாள் எழுதுகிறேன்.

மாதா காவலில் நாங்கள் சுகம். மச்சான் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போயிருக்கிறார், முழங்காலும் கூடவே போயிருக்கிறது. உன் கடிதத்தை அன்னாள் மூன்று தடவை வாசித்தாள். பக்கத்து வீட்டு ராமுத்தாயக்காவும் வந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், “எதுக்கு மதலேனா சுத்தறது? சுத்தி வந்தா நின்ன எடத்துக்கே தான வந்து நிக்கோணும்?” என்றார். அதற்கான பதிலை நீ வந்து சொல்லு.

நான் பார்த்தது ஏலப்பாறையும் சித்தூரும்தான். கடல் என்றால் எவ்வளவு பெரிது என்று எழுது. நீ எழுதி அன்னாள் வாசித்தால் நாங்களும் சுற்றி வந்த மாதிரி இருக்கும். அன்றாடம் சூடாகச் சாப்பிடு. மாலை மங்கியபின் மிதிக்காதே. சுவக்கீனை விட்டுப் பிரியாதே, அவன் உன்னை நம்பி வந்தவன்.

ஆற்றங்கரை விஷயத்தை மறக்கவில்லை. பேச வேண்டியவருக்கு இப்போது இருமல். இருமல் நிற்கட்டும், பேசுகிறேன்.

அக்கா,
மதலேனம்மாள்

பி.கு: ஆற்றங்கரை விஷயம் என்னவென்று கேட்டால் அக்கா சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என் அப்பாவுக்கும் ஒரு வாரமாக இருமல்தான். ஊரில் எல்லாருக்கும் இருமல் போலிருக்கிறது. கவனமாகப் போய் வாருங்கள். அன்னாள்.


நீர்கொழும்பு
5 பிப்ரவரி 1938

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் புத்தளத்தில் வாங்கினேன். தபாலாபீசு வாசலிலேயே உட்கார்ந்து வாசித்தேன். பி.கு.வையும் வாசித்தேன்.

கடலைப் பற்றிக் கேட்டாய். ஏலப்பாறையில் காலையில் பனி இறங்கி, பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகக் கிடக்குமே, மறுகரை தெரியாமல், அவ்வளவு பெரிது. ஆனால் பனி பத்து மணிக்குக் கலைந்துவிடும். இது கலைவதே இல்லை. நான் ஒரு நாள் முழுக்க இடப்பக்கம் காட்டையும் வலப்பக்கம் கடலையும் பார்த்துக்கொண்டு மிதித்தேன். தென்னை மரங்களுக்கு நடுவில் ரோடு போகிறது. சித்தூர்த் தென்னைதான், ஆனால் எல்லாம் கடல் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

மடுவில் மாதா முன்னால் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி, மச்சான் முழங்காலுக்கு ஒன்று, ஆற்றங்கரை விஷயத்துக்கு இரண்டு வைத்தேன். அனுராதபுரம் போகும் காட்டு ரோட்டில் யானைச் சாணி ஆவி பறக்கக் கிடந்தது. சுவக்கீன் அன்று மிதித்த மிதியை நீ பார்த்திருக்க வேண்டும். மாமனார் சைக்கிள் கூட முனகவில்லை.

நேற்று சிலாபத்துக்கு இப்பால் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மீன்காரர் குடிசையில் ஒதுங்கினோம். அவர்கள் பேசியது சிங்களம், எங்களுக்கு ஒரு சொல் புரியவில்லை. சோறு போட்டார்கள். சாப்பிடுமுன் நான் சிலுவை போட்டேன். அந்த அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு மீன் கொண்டுவந்து வைத்தாள். புறப்படும்போது அவர் எங்கள் இரண்டு சைக்கிளையும் துடைத்துத் தந்தார். யார் பெற்ற பிள்ளைகளோ என்று பார்க்காமல் இப்படிச் செய்கிறவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வது? உன் ஜெபத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்.

இருமல் நின்றதா?

தம்பி,
சூசையப்பன்


சித்தூர்
10 பிப்ரவரி 1938

சேசு மரி சூசை துணை.

தம்பி சூசைக்கு அக்கா ஆசீர்வாதம். அன்னாள் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டது. வெயில் ஏறிவிட்டது. நீ எழுதிய மீன்கார அம்மாளுக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மதலேனம்மாள்

பி.கு: இனிக் கொஞ்ச நாள் நான் எழுத வர முடியாது. வீட்டில் வேலை இருக்கிறது. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அன்னாள்.


சித்தூர்
12 பிப்ரவரி 1938

சித்தூரில் குடியிருக்கும் பவுல்ராஜ் மனைவி மதலேனம்மாளாகிய நான், இலங்கைத் தீவு காலி தபாலாபீசில் கடிதம் வாங்கிக்கொள்ளும் என் உடன்பிறந்த தம்பி சூசையப்பனுக்கு, சுயபுத்தியுடனும் யாருடைய தூண்டுதலுமின்றியும் எழுதுவித்த கடிதம் என்னவென்றால்.

நான் சுகம். மேற்படி தம்பியும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். பத்திரம் எழுதும் குப்பண்ணனைப் பிடித்து இதை எழுதச் சொல்கிறேன். அவருக்கு இப்படித்தான் எழுத வரும், நீ பொறுத்துக்கொள். அன்னாளுக்கு முன்னால் சொல்ல முடியாததால் இந்த ஏற்பாடு.

உபதேசியார் இன்னாசியாரிடம் நான் ஒன்பதாம் தேதி வாயைத் திறந்தேன். “மதலேனா, உன்ற தம்பி நல்லவன்தான். ஆனா வேலையப் போட்டுட்டு தீவு சுத்தப் போனவன். எப்ப வருவானோ, வந்தா எத்தன நாள் நிப்பானோ? அவனுக்கு எப்படி நான் பொண்ணக் குடுக்கறது?” என்று முடித்துவிட்டார். மேற்படி அன்னாளைக் கோயம்புத்தூர் மில்லில் மேஸ்திரியாயிருக்கும் ஒருவருக்குக் கொடுக்கப் பேசியாயிற்று. தபசு காலம் தொடங்குமுன், வரும் 28ந் தேதி திங்கட்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, நானும் தேடிப்பார்த்தேன்.

மேற்படி அன்னாள் அப்பா சொன்னதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் பத்தாம் தேதி உனக்கு எழுதும்போது, உன் பெயரை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை எடுக்காமல் இருந்தாள். மை ஊறிக் கறையாகிவிட்டது. நீ பார்த்திருப்பாய்.

உன் சுற்றைக் கெடுக்கக் கூடாதென்று இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் என்னை நானே மன்னிக்க மாட்டேன். வர முடிந்தால் வா. இது சம்மதித்து எழுதிவித்த கடிதம்.

இப்படிக்கு,
மதலேனம்மாள் (கைநாட்டு)
எழுதியவன் குப்பண்ணன்


காலி
22 பிப்ரவரி 1938

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். நீ சுகமா? குப்பண்ணன் எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் என் கையில் கிடைத்தது.

காலிக்கு வெளியே ஓர் இறக்கத்தில் சுவக்கீன் மாட்டுவண்டிக்கு ஒதுங்கி விழுந்துவிட்டான். தோள் எலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். நான் இன்றே ரயிலேறினால் 28ந் தேதிக்கு முன்னால் சித்தூருக்கு வந்துவிடலாம். டிக்கெட் கேட்கும் இடம்வரைக்கும் போய்விட்டேன் அக்கா. இவனுக்கு இந்த ஊரில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. தண்ணீர் குடிக்கக் கூட நான்தான் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவன் சைக்கிளைப் பிரித்துச் சங்கிலியைக் கழற்றி மாட்டினேன், கை சும்மா இருக்க முடியவில்லை.

தந்தி கொடுக்கலாம் என்று நினைத்தேன். தந்தி என்றாலே நீ சாவு என்று நினைத்து விழுந்துவிடுவாய். அதனால் உன்னைப் பயமுறுத்தாமல் கடிதமாகவே எழுதுகிறேன். 28க்கு வந்து சேரும் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள்.

இனி மறைக்க நேரமில்லை. இதை உனக்கு வாசிப்பது அன்னாளாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்கிறேன்.

அன்னாள், இது உனக்கு. ஒவ்வொரு ஊர்த் தபாலாபீசிலும் உன் கையெழுத்தை வாங்கத்தான் நான் மிதித்தேன். கடலைப் பார்த்தாலும், யானைச் சாணியைப் பார்த்தாலும், இதை எப்படி எழுதினால் நீ சிரிப்பாய் என்றுதான் யோசித்தேன். நான் ஊர் சுற்றுகிறவன் என்று உன் அப்பா சொல்வது சரி. ஆனால் திரும்பி வருகிறவன். உனக்குச் சம்மதமானால் உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல். சம்மதமில்லாவிட்டால், இதை வாசிக்காமல் தாண்டிவிட்டு, தம்பி சுகமாம் என்று மட்டும் அக்காவிடம் சொல்லிவிடு. உன்னை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். இதுவரை எழுதியதற்கே நன்றி.

கையெல்லாம் சங்கிலி எண்ணெய். கடல் காற்றில் கவர் பசை ஒட்டவில்லை, நாலு மூலையையும் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கறைக்கு மன்னித்துக்கொள். பதிலைக் காலிக்கே எழுது, சுவக்கீன் எழுந்திருக்கும்வரை இங்கேதான் இருப்பேன்.

சூசையப்பன்


சித்தூர்
1 மார்ச் 1938

சேசு மரி சூசை துணை.

என் கண்ணான தம்பி சூசைக்கு, அக்கா சுகம். நேற்று மத்தியானம் சுகமில்லை, சாயங்காலம் சுகம். அன்னாள்தான் எழுதுகிறாள். எழுத மாட்டேன் என்கிறாள். எழுதடி என்கிறேன்.

நேற்று தபால்காரர் உன் கவரை என் கையில் கொடுத்தார். நாலு மூலையும் கறுப்பு. சாவுக் கடிதத்துக்குத்தானே மூலையில் கறுப்புத் தடவுவார்கள்? எனக்கு உலகமே இருண்டுவிட்டது. மச்சான் சந்தையில். வாசிக்கிறவள் நிச்சயதார்த்த வீட்டில். ராமுத்தாயக்கா ஓடி வந்து, “அய்யோ மதலேனா, மூலயெல்லாங் கறுத்துக் கெடக்குதே! இத ஊட்டுக்குள்ள வெக்கப்படாது!” என்று, வழக்கப்படி என் கையிலிருந்து பிடுங்கி நாலாகக் கிழித்து, அதையும் நாலாகக் கிழித்து வேலியில் வீசிவிட்டார். பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். தெருவே கூடிவிட்டது. யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. உனக்குப் பூசை கொடுக்க எந்தச் சாமியாரைக் கேட்பது என்பதுவரைக்கும் பேசிவிட்டோம்.

உபதேசியார் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டு மாற்றப்போகும் நேரம். யாரோ போய், “மதலேனம்மா தம்பி கொழும்புல செத்துப்போனானாமுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். இவள் பட்டுச் சேலையோடு எழுந்து ஓடி வந்தாள். (இதை எழுத வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அன்னாள்.) இவள் அழவில்லை. “கடுதாசி எங்கக்கா?” என்றாள். வேலி முள்ளுக்குள் கையை விட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். ஒரு துண்டை ஆடு தின்றுவிட்டது. தரையில் பரப்பி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள். ஒட்டும்போதே, “இது அவங்க கையெழுத்து! செத்தவங்க எப்படிக் கடுதாசி எழுதுவாங்க?” என்று கத்தினாள். அப்புறம்தான் அழுதாள். எப்படி அழுதாள் என்பதைத் தெருவே பார்த்தது, அவள் அப்பாவும் பார்த்தார், மாப்பிள்ளையும் பார்த்தார். எல்லாரும் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்கள்.

“படிச்சுச் சொல்லு புள்ள” என்றார்கள். படித்தாள். சுவக்கீன் தோள் எலும்பு, ரயில் டிக்கெட், தந்தி எல்லாம் படித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். நீ முதல் கடிதத்தில் எழுதியபடியே பாதியில் நிறுத்தினாள். உபதேசியார், “ஏன் நிறுத்தீட்டே?” என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, கோயிலில் நிருபம் வாசிக்கிற அதே குரலில், “அன்னாள், இது உனக்கு” என்று ஆரம்பித்தார். யானைச் சாணிவரைக்கும் வந்துவிட்டார். அப்புறம்தான் அவருக்குத் தான் என்ன வாசிக்கிறோம் என்று உறைத்தது. ஆனால் வாசிக்கத் தொடங்கியதைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. முழுவதையும் வாசித்து முடித்தார்.

அவர் மகளைப் பார்த்து, “தாண்டாம ஏன் நிறுத்துனே? தம்பி சுகமாமுன்னு சொல்லீட்டுப் போயிருக்கலாமே?” என்றார். இவள் தலையைக் குனிந்துகொண்டு, “தாண்ட முடியலீங்கப்பா” என்றாள்.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். “ஏனுங்க உபதேசியாரே, அந்தக் கடுதாசி சேர வேண்டிய எடத்துல சேந்துருச்சுங்க. நாங்க வர்றோமுங்க” என்று கும்பிட்டுவிட்டு, தன் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை. அந்த மனிதருக்கு நல்ல பெண் அமைய வேண்டும் என்று நான் தினமும் ஜெபிக்கப் போகிறேன். நீயும் ஜெபி.

உபதேசியார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு அவரே எழுதுவாராம். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் நீ உயிரோடு இருக்கிறாய். ஒரு நாழிகை நேரம் உன்னைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றேன். இனி எனக்கு மாதாவிடம் கேட்க ஒன்றுமில்லை, நன்றி சொல்லத்தான் இருக்கிறது.

அக்கா,
மதலேனம்மாள்

பி.கு: ஆற்றங்கரை விஷயம் இன்னதென்று எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். அன்னாள்.


சித்தூர்
4 மார்ச் 1938

சேசு மரி சூசை துணை.

சூசையப்பனுக்கு உபதேசியார் இன்னாசி ஆசீர்வதித்து எழுதுவது. சுகம், சுகத்துக்கு எழுது.

உன் கடிதத்தை நானே ஊரார் முன்னால் வாசிக்கும்படி ஆயிற்று. நாற்பது வருஷமாகக் கோயிலில் வாசிக்கிறேன், அன்றைக்குப் போல் ஒருநாளும் எனக்கு வியர்த்ததில்லை.

நீ நிலையில்லாதவன் என்று எண்ணியிருந்தேன். விரும்பிய பெண் கைவிட்டுப் போகிற நாளில், எலும்பு முறிந்த சிநேகிதனைவிட்டு வர மனமில்லாமல் நீ அங்கே உட்கார்ந்திருந்தாய். அப்படிப்பட்டவனை நிலையில்லாதவன் என்று சொன்ன என் நாவை நான் கண்டித்துக்கொண்டேன்.

தபசு காலத்தில் கலியாணம் ஆகாது. உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்று ஞாயிறு கோயிலில் உங்கள் கலியாண ஓலை வாசிக்கப்படும். அதற்குமுன் ஏலப்பாறையிலிருந்து உன் ஞானஸ்நான ஓலையை வாங்கி வரவும். அவசரப்பட்டு ரயிலேறி வர வேண்டாம். தொடங்கிய சுற்றை முடித்துவிட்டு வா. அரைகுறையாக விட்டுவருகிறவனுக்கு நான் பெண் கொடுப்பதாக இல்லை.

இனிமேல் கடிதம் எழுதுமுன் கையைக் கழுவவும்.

இன்னாசி


யாழ்ப்பாணம்
26 மார்ச் 1938

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்காவுக்கு, நான் பூரண சுகம். சுவக்கீன் கட்டுடன் ரயிலில் ஊர் சேர்ந்துவிட்டான் என்று கடிதம் வந்தது. அவன் மாமனார் சைக்கிளையும் கூடவே ஏற்றி அனுப்பிவிட்டேன். லீவு பத்து நாளுக்கு மேல் தாண்டிவிட்டது. துரைக்கு எழுதினேன், பெரிய மனது பண்ணிக் கொடுத்தார்.

உபதேசியார் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மாத்தறை, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, திருகோணமலை எல்லாம் தனியாக மிதித்தேன். திருகோணமலையில் மலைமேல் ஏறி நின்று பார்த்தேன், கீழே கடல் நீலமாகக் கிடந்தது. உன்னை என் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து இதைக் காட்ட முடியவில்லையே என்றுதான் இருந்தது. வழியில் தண்ணீர் கொடுத்தவர்கள், ஓடத்தில் காசு வாங்காமல் அக்கரை சேர்த்தவர், காலி ஆஸ்பத்திரியில் சுவக்கீனைத் தன் பிள்ளை போலப் பார்த்த நர்ஸம்மா, எழுந்து போன அந்த மில் மேஸ்திரி என்று எத்தனை பேருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே மிதிப்பேன். எண்ணி முடிவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

உபதேசியாரிடம் சொல். கறைக்கு மன்னிப்புக் கேட்டுத்தான் எழுதியிருந்தேன். ஆடு தின்ற துண்டில் அந்த வரி போயிருக்கும்.

ராமுத்தாயக்கா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும். சுற்றி வந்தால் நின்ற இடத்துக்கே வருவோம்தான். அங்கே நமக்காக ஒருத்தி நிற்கிறாள் என்று தெரிந்து வருவது வேறு. நாளை மறுநாள் தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறேன்.

அக்கா, இந்தக் கவர் வந்ததும் அன்னாள் வருமுன்பே உனக்குச் சேதி தெரிந்திருக்கும். கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடைத்தெருவில் மஞ்சள் வாங்கி உரசி, நாலு மூலையிலும் நானே தடவியிருக்கிறேன். முதலில் ராமுத்தாயக்காவிடம் காட்டியிருப்பாய். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இதற்கு வாசிக்கவும் வேண்டாம்.

எல்லாருக்கும் என் வந்தனம். அன்னாளுக்கு என் அன்பு, இதை அவள் நிறுத்தாமல் வாசிக்கட்டும்.

உன் தம்பி,
சூசையப்பன்